ஒட்டகச்சிவிங்கி

தரைவாழ் பிராணிகள் அனைத்திலும் உயரமான ஒட்டகச்சிவிங்கி, சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் வேலங்காடுகளிலும் சிறு கூட்டங்களாகத் திரியும் அசைபோடும் விலங்கு. காங்கோ வனங்களில் வசிக்கும் ஒகாப்பி ஒன்றே இதன் குடும்பத்தில் எஞ்சியுள்ள பிறிதோர் இனம். வளர்ந்த ஆண் ஏறக்குறைய 5.5 மீட்டர் உயரமும், ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் அடைவதுண்டு; பெண் சற்றுச் சிறியது.

இதன் நீண்ட கழுத்திலும், மனிதனுக்குள்ளவாறே, ஏழு எலும்புகளே உள்ளன. ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருப்பதே விசேஷம். அவ்வளவு உயரத்திலுள்ள மூளைக்கு இரத்தத்தைச் செலுத்தவேண்டியிருப்பதால், தடித்த சுவர் கொண்ட இருதயம் மனிதனைப்போல் இரு மடங்கு அழுத்தத்துடன் இயங்குகிறது. தலை தாழும்போது அவ்வழுத்தம் மூளையைத் தாக்காதவாறு நுண்ணிய நாளங்களின் வலையும், கழுத்துச் சிரைகளிலுள்ள தடுக்கிதழ்களும் காக்கின்றன. கால்களில் இரத்தம் தேங்காதபடி அங்குள்ள தோல் இறுக்கமாக அமைந்திருக்கிறது.

ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள கருநீல நாவினால், மற்ற மிருகங்களுக்கு எட்டாத முள்வேலின் தழைகளைப் பறித்து உண்ணும் இப்பிராணி, அத்தழைகளின் ஈரத்தாலேயே பல நாள் நீரருந்தாமல் இருக்க வல்லது. இது பெரிய அனுகூலமே. ஏனெனில் முன்னங்கால்களை அகல விரித்துக் குனிந்து நீர் குடிக்கும் வேளையில்தான் சிங்கத்துக்கு இது எளிதில் இலக்காகிறது. மற்ற வேளைகளில் தொலைநோக்கும் கண்களும், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமும், சிங்கத்தையே கொல்லவல்ல உதையும் இதற்குப் பாதுகாப்பு. பதினைந்து மாதக் கர்ப்பவாசத்துக்குப்பின், நின்றபடியே ஈனும் தாயிடமிருந்து தரையில் விழும் கன்று, ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கும். ஆயினும் சிங்கங்களும் கழுதைப்புலிகளும் மிகுந்த பிரதேசங்களில் கன்றுகளிற் பாதிக்கு மேற்பட்டவை முதலாண்டைக் கடப்பதில்லை.

இத்தனை அமைப்புக்களும் வேட்டைத் துப்பாக்கிக்கும், நிலம் விவசாயத்துக்குத் திருத்தப்படுவதற்கும் முன் பயனற்றுப்போயின. 1985-இல் ஏறக்குறைய 1,50,000 ஆக இருந்த தொகை, 2015-இல் 1,00,000-க்கும் கீழே இறங்கியதால், 2016-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாய்ப்புள்ள இனமென அறிவித்தது. ஆனால் நைஜரில், 1990-களின் நடுவில் ஐம்பதுக்கும் குறைவாக எஞ்சிய மேற்கு ஆப்பிரிக்க வகை, வேட்டைத் தடையாலும் கிராமத்தாரின் ஒத்துழைப்பாலும் இன்று 600-ஐத் தாண்டியிருக்கிறது.