ஜொகூரில் சாவி கைமாறிய கதை

மோட்டார் வண்டியின் சாவிக்குச் சரித்திரம் எழுதப் புகுகிறவன் தொடக்கத்திலேயே ஒரு சங்கடத்தில் அகப்பட்டுக்கொள்கிறான்; அந்த வண்டி பிறந்தபோது அதற்குச் சாவி என்று சொல்லத்தக்க பொருள் எதுவும் இருக்கவில்லை. 1896ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி என்னும் ஆங்கிலேயர் சிங்கப்பூருக்கு வரவழைத்த பென்ஸ் வண்டி, அந்நகர் கண்ட முதல் மோட்டார் என்ற கீர்த்தியோடு 'காப்பி யந்திரம்' என்ற பரிகாசப் பெயரையும் சம்பாதித்துக்கொண்டது. அதைக் கிளப்புவதற்கு வேண்டியிருந்தது சாவியல்ல, யந்திரத்தின் கனத்த சக்கரத்தைக் கையால் சுழற்றும் புஜபலமே. நீரிணைக்கு இக்கரையில், 1895இல் பட்டமேறி 1959இல் காலமாகும்வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம், குதிரையிலும் வேட்டையிலும் கொண்டிருந்த மோகத்தை மோட்டாரிலும் கொண்டிருந்தவர். ஆகையால் இந்தச் சமஸ்தானத்தில் மோட்டார் முதலில் அரண்மனைச் சமாசாரமாகவும், அப்பால் ரப்பர்த் தோட்டத்துத் துரைமார் சமாசாரமாகவும் இருந்து, வெகுகாலம் கழித்தே சாதாரண ஜனங்களின் வாசலில் வந்து நின்றது.

வண்டி துரையுடையதாயினும், அதைக் கிளப்பும் வித்தை அவர் கையில் இல்லை. மலாயாவில் குதிரைகளைப் பராமரித்து வந்தவர்களில் பலர் பாவியான் தீவிலிருந்து வந்த போயானியர். லாயம் மோட்டார்க் கொட்டகையாக மாறியபோது, கடிவாளத்தைப் பிடித்த கையே ஹேண்டிலையும் பிடித்தது. தோட்டப்புறங்களில் இந்த உத்தியோகம் பல இடங்களில் தமிழருக்கு வாய்த்தது. கிராணிக்கு அடுத்தபடியாக லயத்து ஜனங்கள் மரியாதையோடு பார்த்தது காரோட்டியைத்தான் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், துரை எப்போது எங்கே போகிறார் என்ற ரகசியமும், அவர் போவதைச் சாத்தியமாக்கும் சாமர்த்தியமும் அவன் ஒருவனிடமே இருந்தன. 1912ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரக் கிளப்பி உலகெங்கும் பரவி, மணிக்கட்டை முறிக்கும் ஹேண்டிலை மெல்ல மெல்ல ஓய்வுக்கு அனுப்பியபோது, அந்தச் சாமர்த்தியத்தின் விலையும் சற்றே இறங்கிற்று.

பூட்டின் அவசியத்தை ஜொகூருக்கு உணர்த்தியது கடல்மேல் போட்ட பாலம் என்று ஊகிப்பதில் தவறிருக்காது. 1919இல் வேலை தொடங்கி, 1923இல் ரயில்கள் கடந்து, 1924 ஜூன் 28ஆம் தேதி சம்பிரதாயமாகத் திறந்துவைக்கப்பட்ட அந்த 1,056 மீட்டர் நீளப் பாலம், அதற்குமுன் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கவேண்டியிருந்த வண்டியைத் தன் சக்கரத்திலேயே சிங்கப்பூருக்கு ஓடச் செய்தது. ஊரே அறிந்த வண்டியை ஊருக்குள் யாரும் திருடிக்கொண்டு போக முடியாது. ஆனால், அந்நிய நகரத்துத் தெருவோரத்தில் நிறுத்திவிட்டுப் போகிற வண்டிக்கு முகம் கிடையாது. அப்போதும் சாவி மின்சாரத்தைத் திறந்துவிடும் வேலையை மட்டும் செய்ய, யந்திரத்தைக் கிளப்புவதற்குப் பெரும்பாலான வண்டிகளில் தனியே ஒரு பொத்தான் இருந்தது. இரண்டு வேலைகளையும் ஒரே திருகலில் இணைத்த பெருமை 1949இல் கிறைஸ்லர் கம்பெனியைச் சேர்ந்தது. பொத்தானை அமுக்கிக் கிளப்புவது ஏதோ நேற்றைய அதிசயம் என்று இன்று எண்ணுகிறவர்கள், தங்கள் பாட்டனார் காலத்துக் காரைப் பார்த்ததில்லை.

பிறகு ஜொகூரிலேயே கார் பொருத்தத் தொடங்கினார்கள். தம்போயிலிருந்த ஆலையில் ஓப்பல் வண்டிகளும் பிற்காலத்தில் ஹோண்டா வண்டிகளும் உருவாயின. 1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா வெளிவந்ததும், 1994இல் பெரோடுவா கஞ்சில் வெளிவந்ததும், சம்பளக்காரக் குடும்பங்களையும் கார்க்காரர்களாக்கின. சாரதி வைத்துக்கொள்ள வகையில்லாத இந்தப் புதிய எஜமானர்கள் தாங்களே சாரதிகளாக, சாவி முதன்முறையாக உடையவர் சட்டைப்பையில் வந்து அமர்ந்தது.

அது தொலைந்துபோவதற்கும் அப்போதே வழி பிறந்தது. தொலைத்தவர்கள் தேடிப்போனது கார்க் கம்பெனியையல்ல, அஞ்சடியில் சிறு பெட்டிக்கடை போட்டிருந்த சாவிக்காரரையே. சிங்கப்பூரில் ராஃபிள்ஸின் 1822ஆம் வருஷத்து நகரத் திட்டம் கட்டாயமாக்கி, நீரிணையின் இரு கரைகளிலும் கடைவீடுகளின் லட்சணமாகவே ஆகிவிட்ட அந்த நிழல் நடைபாதையில், சாவி வெட்டுகிறவர், ரப்பர் முத்திரை செய்கிறவர், கடிகாரம் பழுதுபார்க்கிறவர் என்று மூவர் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள். பல சமயம் மூவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு. அவருடைய யந்திரத்தில் இரண்டு பிடிகள். ஒன்றில் மூலச்சாவி, மற்றொன்றில் வெட்டாத பித்தளைத் துண்டு. மூலத்தின் மேடுபள்ளங்களை ஒரு முனை தடவிக்கொண்டே செல்ல, அதே கதியில் மறுபுறம் சுழலும் அரம் துண்டைக் கடித்துக்கொண்டு போகும். தீப்பொறி அடங்குவதற்குள் சாவி தயார். திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டைக் கையாலேயே இழைத்த ஆசாரி, பூட்டையும் சாவியையும் ஒன்றுக்கொன்று பிறந்தவையாகச் செய்தார். நமது அஞ்சடிக்காரரோ பூட்டைக் கண்ணால் பாராமலே அதற்குச் சாவி செய்தார். இரண்டில் எது உயர்ந்த கலை என்ற விவாதத்தில் நான் ஆசாரியின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் மழைநாளில் சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பவனுக்கு வேண்டியவர் மற்றவரே.

அவருடைய தொழிலுக்கு ஆபத்து பிரான்சிலிருந்து வந்தது. 1982இல் ரெனோ கம்பெனி தன் ஃபுவேகோ காரில் அமைத்த தூரப்பூட்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரால் கதவைத் திறந்தது. அதைக் கண்டுபிடித்த பால் லிப்ஷுட்ஸின் பெயரெழுத்துக்களைக் கொண்டே பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சாவியைப் 'பிளிப்' என்று அழைத்தார்கள். கதிருக்குப் பதிலாக வானொலி அலை வந்தபோது, அந்த அலையை மறைந்திருந்து பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பும் திருடரும் வந்தனர். அழுத்துந்தோறும் சங்கேதம் மாறும் முறையால் அவர்களுக்குத் தடை போடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனி விலைக்கு வாங்கிய 'கீலாக்' அத்தகைய முறைகளுள் பிரசித்தமானது. கூடவே, சாவியின் தலைக்குள் ஒரு நுண்ணிய சில்லும் புகுந்துகொண்டது. அதை வண்டியின் மூளை அடையாளம் காணாவிட்டால், பித்தளையை எத்தனை நுட்பமாக வெட்டினாலும் யந்திரம் கிளம்பாது. சாவியின் மீது உடையவருக்கிருந்த சுதந்திரம் இவ்வாறு மறுபடியும் பிறர் கைக்கு, அதாவது கணினி வைத்திருக்கும் கம்பெனிப் பட்டறைக்கு, போய்ச் சேர்ந்தது. 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவி போன்ற சிறிய காரிலேயே, சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல் கதவைத் திறந்து, பொத்தானை அமுக்கிக் கிளப்பும் வசதி வந்துவிட்ட பிறகு, உடையவர் தாமே செய்துகொள்ளத்தக்க காரியம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அது பேட்டரி மாற்றுவது.

அந்தப் பேட்டரி கடிகாரக்காரர் வீட்டுப் பிள்ளை. 1957இல் ஹாமில்டன் கம்பெனி விற்ற மின்சாரக் கைக்கடிகாரமும், 1969 டிசம்பர் 25ஆம் தேதி ஜப்பானில் சீகோ வெளியிட்ட குவார்ட்ஸ் கடிகாரமும் பொத்தான் அளவிலான பேட்டரிகளுக்குச் சந்தையை உண்டாக்கின. 1970களில் லித்தியமும் மாங்கனீஸ் டையாக்ஸைடும் சேர்ந்த 3 வோல்ட் வில்லை அதன் பின்னே வந்தது. அதன் முதுகிலுள்ள சி.ஆர். 2032 என்பதில் ரகசியம் ஏதும் இல்லை: முதல் எழுத்து ரசாயனத்தையும், அடுத்தது வட்ட வடிவத்தையும், 20 என்பது மில்லிமீட்டரில் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனத்தையும் குறிக்கும். 2016 என்பதும் அதே விட்டமுடையதாகையால் குழியில் சுகமாகப் படுத்துக்கொள்ளும். கனம் பாதியாகையால் தகட்டைச் சரியாகத் தொடாது. பழையதன் எண்ணைப் படித்த பிறகே கடைக்குப் போகவேண்டும்.

இத்தகைய சாவி உறங்குவதில்லை. கதவுப்பிடியைத் தொட்டதும் கார் அனுப்பும் தாழ்ந்த அலைக்கு விடைகூறக் காத்திருப்பதே அதன் ஜீவிதமாதலால், காருக்கு அருகே வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தால் விழித்து விழித்தே பேட்டரியைத் தின்றுவிடும். தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் பக்கத்தில் வைப்பதும் அப்படியே. இரண்டடி தூரத்திற்குள் வந்து அழுத்தினால்தான் கதவு திறக்கிறது என்ற நிலை வந்தால், அந்திமக் காலம் நெருங்கிவிட்டதென்று அறியலாம்.

மாற்றும் கிரமம் சுருக்கமானது. பக்கத்திலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளினால், உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி வெளியே வரும். இத்தனை மின்சார வித்தைக்குப் பிறகும் செய்தவனே அதை முற்றிலும் நம்பவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டாம். அது இருந்த இடுக்கில் சில்லறைக் காசையோ, நுனியில் துணி சுற்றிய தட்டைத் திருப்புளியையோ கொடுத்து மெல்லத் திருகினால் ஓடு இரண்டாகப் பிளக்கும். பழைய வில்லையின் கூட்டல்குறி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதென்று பார்த்துக்கொண்டு, உலோக இடுக்கியால் இருமுகத்தையும் சேர்த்துப் பிடிக்காமல் புதியதை அமர்த்தி, ஓட்டை அழுத்தி மூடவேண்டும். சங்கேதம் அழிந்துபோகுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலான சாவிகளில் அது மின்சாரமின்றியே நினைவில் நிற்கும். பேட்டரி அறவே செத்துப்போய் நடுத்தெருவில் நின்றாலும், இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, காரின் கையேடு சொல்லும் இடத்தில், அநேகமாகப் பொத்தானின் மேலேயே, சாவியை ஒட்டிப் பிடித்தால், உள்ளிருக்கும் சில்லு தனக்கு வேண்டிய சிறு சக்தியைக் காரிடமிருந்தே பெற்று விடைகூறிவிடும்.

கழற்றிய வில்லையை மேசைமேல் விட்டுவைக்கலாகாது. குழந்தை விழுங்கி அது தொண்டையில் தங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்; செத்த பேட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி எஞ்சியிருக்கும். இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி எட்டாத இடத்தில் வைத்து, பழைய மின்சாதனங்களைச் சேகரிக்கும் இடத்தில் கொடுப்பதே உசிதம். இவ்வளவும் தெரிந்தும், இந்தச் சிறு வேலைக்காக அஞ்சடிச் சாவிக்காரரிடமே சில வெள்ளி கொடுத்துவிட்டு வருகிறவர்களை நான் குறைகூற மாட்டேன். அவரும் இப்போது பித்தளை வெட்டும் யந்திரத்துக்குப் பக்கத்தில், சில்லைக் காருக்கு அறிமுகப்படுத்தும் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்.