கதவு மெல்லத் திறந்த விளையாட்டு

ஜாம்பி வீடியோ கேம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் துப்பாக்கியும் ரத்தமும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு கதவு ஞாபகம் வருகிறது. 1996 மார்ச்சில் ஜப்பானில் ‘பயோஹசார்ட்’ என்ற பெயரிலும், பிறகு வெளிநாடுகளில் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற பெயரிலும் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போதெல்லாம் திரை முழுக்க இருட்டாகும்; நடுவில் கதவு மட்டும் தெரியும். அது கிரீச்சென்று மெல்லத் திறக்கும். அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது.

பயமுறுத்த மட்டும் வைத்த கதவல்ல அது. சோனியின் முதல் பிளேஸ்டேஷனில் நினைவகம் 2 எம்பி, படங்களுக்குத் தனியாக 1 எம்பி, அவ்வளவுதான். சிடியிலிருந்து நொடிக்கு 300 கேபி வந்தால் பெரிது. ஒரு மாளிகையை மொத்தமாக அதில் ஏற்ற முடியாது. அறை அறையாகத்தான் ஏற்ற வேண்டும். அதுவரை விளையாடுபவரைக் காக்க வைக்க ஒரு சாக்கு வேண்டுமே! கதவுதான் அந்தச் சாக்கு. 1.44 எம்பி ஃபிளாப்பியில் அலுவலகக் கணக்குகளைச் சுமந்து திரிந்தவன் நான். இடப்பற்றாக்குறையை இப்படிக்கூடப் பயன்படுத்தலாமா என்று வியந்து போனேன்.

கேமராவும் அப்படித்தான். அறைகள் எல்லாம் முன்கூட்டியே வரைந்து வைத்த அசையாப் படங்கள். ஆட்களும் ஜாம்பிகளும் மட்டுமே அதன்மேல் நடமாடுகிற முப்பரிமாண உருவங்கள். அதனால் கேமரா ஒரு மூலையில் நின்ற இடத்திலேயே நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. (1992இல் பிரான்சில் செய்த ‘அலோன் இன் தி டார்க்’ என்ற கணினி விளையாட்டு இந்த உத்தியை முன்பே காட்டியிருந்தது.)

மற்றவை வேண்டுமென்றே செய்த கருமித்தனம். தோட்டா குறைவு. பையில் கிறிஸ் ஆறு பொருள்தான் வைத்துக்கொள்ளலாம், ஜில் எட்டு. ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சு இயந்திரத்தைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு மை ரிப்பன் செலவாகும். சுடுவதா, ஒதுங்கி ஓடுவதா, இப்போதே சேமிப்பதா? என்னைக் கேட்டால், அந்த ஜாம்பிகளைவிட இந்தக் கணக்குதான் அதிகம் பயமுறுத்தியது.

இதற்கெல்லாம் வேர் இன்னும் பழையது. 1989இல் கேப்காம் நின்டென்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்காக ‘ஸ்வீட் ஹோம்’ என்றொரு விளையாட்டைச் செய்தது. கியோஷி குரோசாவா அதே ஆண்டு இயக்கிய திரைப்படத்தைத் தழுவியது. ஐந்து பேர் ஒரு பேய் மாளிகைக்குள் போவார்கள். செத்தவர் செத்தவர்தான், திரும்பி வரமாட்டார். சுமக்கும் பொருளுக்கு அளவு, முன்பு வந்தவர்கள் விட்டுப்போன குறிப்புகள், திறக்கும் கதவு எல்லாமே அதில் இருந்தன. அதை உருவாக்கிய டோக்குரோ ஃபுஜிவாராதான் பின்னாளில் ஷின்ஜி மிகாமியை அழைத்து ‘ரெசிடென்ட் ஈவில்’ வேலையைக் கொடுத்தார். மிகாமி அதுவரை டிஸ்னி பாத்திரங்களை வைத்து விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தவர்!

1968இல் திரையில் ஜாம்பிக்கு இன்றைய உருவம் கொடுத்த ஜார்ஜ் ரொமேரோவே, இரண்டாம் பாகத்துக்கு ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரம் எடுத்துக் கொடுத்தார். 1998இல் இரண்டு சிடிகளில் வந்த அந்த இரண்டாம் பாகத்தை, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஏஞ்சல் ஸ்டூடியோஸ் குழு நின்டென்டோ 64க்காக 64 எம்பி கேட்ரிட்ஜ் ஒன்றில், வீடியோ காட்சிகளோடு சேர்த்து அடக்கிவிட்டது. இந்த வேலையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

2002இல் கேம்கியூபுக்காக மிகாமி முதல் பாகத்தை மறுபடி செய்தார. இயந்திரம் பல மடங்கு பெரிதாகியிருந்தது. கதவை மட்டும் அவர் விடவில்லை. 2005இல் அவரே இயக்கிய நான்காம் பாகத்தில்தான் அது போயிற்று. கேமரா ஆளின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. மை ரிப்பன் தேவையில்லை. அருமையான விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கதவைக் காலால் உதைத்தே திறக்கலாம். எதிரே வருகிறவர்கள் ஜாம்பிகள்கூட இல்லை.