ஒஸ்தா மாமாவும் கேட்கப்படாத சம்மதமும்

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில், எழுபதுகளின் இறுதியில் நான் கண்ட ஒரு சுன்னத்துக் கலியாணம் இன்றும் நினைவில் நிற்கின்றது. என் வகுப்புத் தோழனுக்கு அப்போது எட்டு வயது. புத்தாடை உடுத்தி, மாலை சூட்டி, மாப்பிள்ளையைப் போல் அமர்த்தியிருந்தார்கள். ஒஸ்தா மாமா படியேறியதும் அவன் எழுந்து ஓட எத்தனித்தான். வாப்பாவும் உறவினரும் பிடித்துக்கொண்டனர்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவினர் பலர் கடல் வழியே கற்பிட்டியை அடைந்தனர். தோழனின் குடும்பமும் அவ்வாறே சென்றது. பின்னாளில் புத்தளத்தில் பிறந்த அவனுடைய மகனுக்கு, நாற்பது நாள் நிறையுமுன் வைத்தியர் ஒருவர் விறைப்பூசி போட்டுச் சுன்னத்துச் செய்தார். மாலையும் இல்லை, ஓட்டமும் இல்லை.

வலி குறைந்தது நன்மையே. ஆயினும் பிள்ளை அறியாத வயதில் முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்ற வினா இங்கேதான் கூர்மையடைகின்றது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் விருத்தசேதனம் கடமையாகும். எனினும் அக்கடமை பருவமடையும்போதே ஒருவர்மீது சாரும் என்பதும், குழந்தைப் பருவத்தில் அதைச் செய்விப்பது விரும்பத்தக்கது மாத்திரமே என்பதும் இமாம் நவவியின் கருத்து.

ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம் 2012 மே மாதத்தில், நான்கு வயதுச் சிறுவனுக்குச் செய்யப்பட்ட விருத்தசேதனத்தைப் பெற்றோரின் சம்மதம் இருந்தும் உடற்காயம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம், மருத்துவ விதிகளுக்கமையச் செய்வதைப் பெற்றோருக்கு அனுமதித்துச் சட்டமியற்றியது. எச்.ஐ.வி. தொற்றைக் குறைக்குமென உலக சுகாதார நிறுவனம் 2007இல் பரிந்துரைத்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதற்கு ஆதாரமான ஆபிரிக்க ஆய்வுகளோ தாமே விரும்பி முன்வந்த வளர்ந்த ஆண்களைப் பற்றியவை.

பெற்றோரின் சம்மதத்துக்கு எல்லையுண்டு என்பதை நம் நாடும் ஏற்றுள்ளது. பெண் குழந்தைகளுக்கு இதனைச் செய்யலாகாதென 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை மூலம் வைத்தியர்களைத் தடுத்தது. ஆண் பிள்ளைக்கு அந்த எல்லை எங்கே என்பதை நாம் இன்னும் பேசவில்லை.

சென்ற முறை சந்தித்தபோது தோழன் சொன்னான்: "எனக்கு வலி ஞாபகம் இருக்கு. மகனுக்கு ஒண்டும் ஞாபகமில்லை. ஆனா, என்னைப் போல ஓடிப் பாக்கவும் அவனுக்கு ஏலாமப் போச்சு."

பிள்ளைகள் இறைவன் தந்த அமானிதம் என்பர் முஸ்லிம்கள். அமானிதப் பொருளைக் காப்பவன் அதன் உடைமையாளன் அல்லன். பிள்ளைக்காகச் சம்மதம் சொல்லும் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டியது இதுவே.