வடிவத்துக்குள் வடிவம்: கணினி வரைகலையில் சேர்த்தலும் அளவு மாற்றமும்

வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் ஓர் எழுத்து. மூன்றையும் ஒரு குழுவாக்கி மூலையைப் பிடித்து இழுத்தால், ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் குலையாமல் மூன்றும் சேர்ந்தே சிறுக்கும். இன்றைய வரைகலை மென்பொருள்களில் இது சாதாரண வசதி. இதன் தொடக்கம் 1963இல் உருவான ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில் உள்ளது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இவான் சதர்லேண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதை எழுதினார். லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில், திரைமேல் ஒளிப்பேனாவை வைத்து வரைய வேண்டும். திரையில் கோடு வரைந்ததைவிட முக்கியமானது, அதில் இருந்த மூலப்படம், படி என்னும் ஏற்பாடு. ஒரு படத்தை மூலமாகக் கொண்டு எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். படியில் கோடுகள் திரும்ப எழுதப்படுவதில்லை. எந்த மூலம், எந்த இடம், எவ்வளவு பெரிது, எவ்வளவு திருப்பம் என்பவை மட்டுமே பதிவாகும். படிகள் சேர்ந்த படமே இன்னொரு படத்துக்கு மூலமாகலாம். அது வேறொன்றுக்கும் மூலமாகலாம்.

சதர்லேண்ட் தம் ஆய்வேட்டில் காட்டும் எடுத்துக்காட்டு ஓர் அறுகோணம். ஒன்றைச் சுற்றி ஆறு வைத்து ஏழாக்கி, அந்த ஏழையே ஓர் அலகாகக் கொண்டு மேலும் மேலும் சேர்த்து, சுமார் 900 அறுகோணங்கள் கொண்ட பின்னலை அரை மணி நேரத்தில் உருவாக்கினார். கையால் வரைய இரண்டு நாள் ஆகும் என்று வரைபடப் பிரிவினர் கணித்திருந்தனர். நேரம் மிச்சமானதைக் காட்டிலும் வியப்பானது அடுத்து நடந்தது. மூலத்தில் அறுகோணத்துக்குப் பதில் அரைவட்டம் வைத்ததும் பின்னல் முழுவதும் மீன் செதிளாக மாறியது.

ஆனால் சேர்த்தல் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இரு வடிவங்களை உருக்கி ஒரே எல்லைக்கோடாக்குவதும் சேர்த்தலே. குழுவாக்கினால் பகுதிகள் உயிரோடு இருக்கும், எப்போதும் பிரிக்கலாம். உருக்கினால் பழைய கோடுகள் போய்விடும். புதிதாகப் பழகுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவிப்பது இன்றும் நடக்கிறது. 'ன' எழுத்தின் வடிவத்தையே பாருங்கள். வெளி எல்லை ஒரு கோடு, சுழிக்குள் தெரியும் வெற்றிடத்தின் எல்லை மற்றொரு கோடு. இரண்டும் ஒரே கூட்டுப் பாதையாக இருந்து, எது உள்ளே, எது வெளியே என்னும் விதி சரியாக அமைந்தால்தான் துளை தெரியும். தவறினால் சுழி அடைபட்டுக் கரும்பொட்டாகிவிடும்.

இந்த விதிகளை அச்சுலகில் பரவலாக்கியது, ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982இல் தொடங்கிய அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி. உள்ளே நிறைப்பதற்கு அதில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, புள்ளியிலிருந்து வெளியே ஒரு கதிர் விட்டு, அது எல்லையை ஒற்றைப்படையில் வெட்டினால் உள்ளே, இரட்டைப்படையில் வெட்டினால் வெளியே என்று கொள்ளும். மற்றொன்று கோடு சுற்றும் திசையையும் பார்க்கும். 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் இந்த மொழியை அடிப்படையாகக் கொண்டது.

போஸ்ட்ஸ்கிரிப்டில் அளவு மாற்றம் அடுக்கடுக்காகப் பெருகும். வெளிக்குழுவைப் பாதியாக்கி, உட்குழுவையும் பாதியாக்கினால் உள்ளிருக்கும் வடிவம் கால் பங்காகும். கோட்டின் தடிமனும் கூடவே மாறும். அகலத்தை மட்டும் இரட்டித்து அதன்பின் தீட்டினால், நிற்கும் கோடு தடித்தும் கிடக்கும் கோடு பழையபடியும் நிற்கும். பெரிய சின்னத்தைச் சீட்டளவுக்குச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் அச்சில் மறைந்துபோவதும் இதனால்தான்.

எஸ்விஜி என்னும் இணைய வரைகலை வடிவம் 2001இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. குழுவும் மூலப்படியும் அதில் அப்படியே வந்து சேர்ந்தன. 2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப்பில், அளவை மாற்றும்போது தடிமனும் மாற வேண்டுமா என்பதைப் பயனரே தீர்மானிக்கும் பொத்தான் உண்டு. 2008இல் வந்த எஸ்விஜி டைனி 1.2, எவ்வளவு பெரிதாக்கினாலும் தடிமன் மாறாத கோட்டுக்கு வழி செய்தது. நிலப்படத்தை உருப்பெருக்கினாலும் சாலைக் கோடு மட்டும் தடிக்காமல் நிற்க இது உதவுகிறது.