தடுப்பூசியில் பாதரசம், அலுமினியம் கலக்கிறார்களா? குழந்தைக்கு ஆபத்தா? - முழு விளக்கம்

"தடுப்பூசில பாதரசம் இருக்காம்... ஆட்டிசம் வருமாம்..." வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் தகவல் இது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோதும் இதுபோன்ற வதந்திகள் பரவின. பயந்துபோன பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றனர். முகாமின் காலக்கெடுவையே நீட்டிக்க வேண்டியிருந்தது.

தடுப்பூசிக்குள் என்னதான் இருக்கிறது? பார்க்கலாம்.

பாதரசம் இருப்பது உண்மையா?

எல்லா ஊசியிலும் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா, பிசிஜி ஊசிகளிலும் போலியோ சொட்டு மருந்திலும் பாதரசமும் கிடையாது, அலுமினியமும் கிடையாது.

6, 10, 14-வது வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசியில் 'தியோமெர்சல்' என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. இதில் பாதரசம் உண்டு. ஆனால் அது 'எத்தில்' பாதரசம். பெரிய கடல்மீன்களில் சேர்ந்து நரம்பு மண்டலத்தைப் பாதிப்பதாகச் சொல்லப்படுவது 'மெத்தில்' பாதரசம்.

பெயரில் ஓரெழுத்துதானே வித்தியாசம் என்று தோன்றலாம். எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் அப்படித்தான். ஆனால் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். எத்தில் பாதரசத்தில் பாதி, ரத்தத்தில் இருந்து சுமார் ஒரு வாரத்தில் நீங்கிவிடுகிறது. மெத்தில் பாதரசத்துக்கு ஒன்றரை மாதம் வரை ஆகும்.

அதை ஏன் சேர்க்கணும்?

ஒரே குப்பியில் 10 குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். ஒவ்வொரு முறை ஊசி குத்தி எடுக்கும்போதும் கிருமி உள்ளே போகலாம். அதைத் தடுப்பதுதான் தியோமெர்சலின் வேலை.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரம் சாட்சி. 1928-ல் அங்கே கிருமித்தடுப்பு சேர்க்காத குப்பியில் இருந்து தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடப்பட்டது. குப்பிக்குள் கிருமி வளர்ந்திருந்ததால் 12 குழந்தைகள் உயிரிழந்தனர்.

அப்படியென்றால் அமெரிக்கா ஏன் நீக்கியது?

1999-ல் அமெரிக்க சுகாதார அமைப்புகள் முன்னெச்சரிக்கையாக இதை நீக்கப் பரிந்துரைத்தன. ஆபத்து என்று நிரூபணமாகி எடுத்த முடிவு அல்ல. 2001-க்குள் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளில் இருந்து தியோமெர்சல் நீக்கப்பட்டது. அதன் பிறகும் அங்கே ஆட்டிசம் கண்டறியப்படுவது குறையவில்லை, கூடிக்கொண்டேதான் போனது. டென்மார்க் 1992-லேயே நீக்கியது. அங்கேயும் இதே கதைதான்.

அலுமினியம் எதற்கு?

நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட. இது இல்லாவிட்டால் கூடுதல் மருந்தும் கூடுதல் தவணையும் தேவைப்படலாம். 1930-களில் இருந்தே பயன்பாட்டில் இருக்கிறது.

டென்மார்க்கில் 12 லட்சம் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த முடிவுகள் 2025-ல் வெளியாகின. ஆட்டிசம், ஆஸ்துமா உட்பட 50 பாதிப்புகளை எடுத்துப் பார்த்ததில், தடுப்பூசி அலுமினியத்தால் ஆபத்து கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஃபார்மால்டிஹைடு, ஜெலட்டின்?

கிருமியைச் செயலிழக்கச் செய்யப் பயன்படுவது ஃபார்மால்டிஹைடு. கடைசியில் மிச்சமிருப்பது மிகச்சிறிய அளவுதான். நம் உடலே இதை இயல்பாக உருவாக்குகிறது. குழந்தையின் ரத்தத்தில் இருப்பதைவிட ஊசியில் உள்ளது பல மடங்கு குறைவு.

ஜெலட்டின் சில தடுப்பூசிகள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படுவது. அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

எதில் கவனமாக இருக்க வேண்டும்?

* பென்டாவேலன்ட் போட்டால் காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வருவது சகஜம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* கடும் ஒவ்வாமை ஏறக்குறைய 10 லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். வந்தால் உடனே சிகிச்சை தரணும். அதனால்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

* முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை, வலிப்பு வந்திருந்தால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

* தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் கிருமித்தடுப்பு கிடையாது. கலந்த 4 மணி நேரத்துக்குள் போட வேண்டும். "எப்போ கலந்தீங்க சிஸ்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

* குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருந்தால், மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று அர்த்தம்.

பயத்தில் ஒரு தவணையைத் தவறவிட்டவர்கள் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டையுடன் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், விட்ட இடத்தில் இருந்தே தொடரலாம்.