பிரேசில் பள்ளி உணவுத் திட்டம்

பிரேசில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச உணவு வழங்கும் தேசியத் திட்டம். 1955இல் தொடங்கியது; இன்று ஏறத்தாழ 4 கோடிப் பேர் சாப்பிடுகிறார்கள்.

உழவர்களை உள்ளே கொண்டுவந்தது 2009ஆம் ஆண்டின் 11947ஆம் எண் சட்டம். உணவுக்காக மத்திய அரசு தரும் பணத்தில் 30 விழுக்காட்டுக்காவது சிறு குடும்ப உழவர்களிடம் நேரடியாகக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று அது அப்போது விதித்தது. வழக்கமான ஒப்பந்தப்புள்ளி கட்டாயமில்லை. உள்ளூராட்சியே சந்தை நிலவரம் பார்த்து விலையை முன்கூட்டி அறிவித்துவிடலாம்; பெரிய வணிகர்கள் விலையைக் குறைத்துக் காட்டிச் சிறு உழவரை ஓரங்கட்ட வழியில்லை. சட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

நிலச் சீர்திருத்தத்தில் குடியேறியவர்கள், பழங்குடியினர், தப்பிய அடிமைகளின் வழிவந்த கிலோம்போ மக்கள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. உணவுப் பட்டியலை ஊட்டச்சத்து வல்லுநர் வட்டார விளைச்சலையொட்டி வகுக்கிறார்.

முறையான ரசீது, சீரான வரத்து, சுகாதாரம் இவற்றில் குறையிருந்தால் இந்த விழுக்காட்டிலிருந்து விலக்குப் பெறவும் சட்டம் இடம் தருகிறது.