இருபது விநாடியும் முக்கால் மணி நேரமும்

கோலா சிலாங்கூர் பக்கம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் மணிக்கணக்குதான் முன்னே நிற்கும். "தினமும் ரெண்டு மணி நேரம் ஜிம்முல இருக்கேன்" என்பவருக்கு மதிப்பு. பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வருபவர் சோம்பேறி. இந்த எண்ணம் தோட்டத்து லயங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு பால்மரம் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுத்து வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு நடை. நீண்ட நேரம் தாக்குப்பிடித்த உடம்பே நல்ல உடம்பு என்று பார்த்துப் பழகியவர்கள் நாம்.

நீண்ட பயிற்சி, குறுகிய பயிற்சி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதித்தவர்கள் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழுவினர். 2016இல் வெளியான அந்த ஆய்வில் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 25 ஆண்கள் இருந்தார்கள். ஒரு பிரிவு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், மிதமான வேகத்தில் சைக்கிள் மிதித்தது. இன்னொரு பிரிவுக்கு மொத்தமே பத்து நிமிடம். அதிலும் உயிரைக் கொடுத்து மிதித்தது 20 விநாடி வீதம் மூன்றே தடவை, அதாவது ஒரே ஒரு நிமிடம். மீதி நேரமெல்லாம் மெதுவான மிதி. மூன்றாவது பிரிவினர் எதுவும் செய்யவில்லை. 12 வாரம் கழித்துப் பார்த்தால் பயிற்சி செய்த இரு பிரிவிலும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் ஒரே மாதிரி 19 விழுக்காடு கூடியிருந்தது. இன்சுலினுக்கு உடம்பு காட்டும் இணக்கமும் இரு பிரிவிலும் ஒத்த அளவில் மேம்பட்டிருந்தது.

சிறிய ஆய்வுதான். ஆனால் இது தனித்து நிற்கவில்லை. ஜப்பானின் இசுமி தபாத்தா 1996இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் மிதித்தவர்களுக்கு ஆக்சிஜன் திறன் மட்டுமே கூடியது. 20 விநாடி கடுமை, 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்றில் முடித்தவர்களுக்கு அதுவும் கூடியது, திடீர் வேகத்துக்கான திறனும் 28 விழுக்காடு ஏறியது. அங்கே குறுகியது நீண்டதைச் சமன் செய்ததோடு நிற்காமல் முந்திக்கொண்டு போனது.

காரணம் தசைக்குள் இருக்கிறது. மெதுவாக நடக்கும்போது உடம்பு தன் தசைநார்களில் ஒரு பகுதியைத்தான் வேலைக்கு அழைக்கும். முழுமூச்சாக ஓடினால் சும்மா கிடக்கும் வேக நார்களும் எழுந்தாக வேண்டும். அவற்றில் சேமித்து வைத்த சர்க்கரை விரைவில் கரைகிறது. காலியான தசை அதன்பின் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காடு. அதனால் நமக்கு உடற்பயிற்சி அழகுக்கான விஷயமே அல்ல.

"காலம் பூரா உழைச்ச உடம்பு, இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நெதர்லாந்து ஆய்வாளர் பீட்டர் கூனனும் கூட்டாளிகளும் 2018இல் தொகுத்துத் தந்த விடை கொஞ்சம் கசக்கும். கடும் உடலுழைப்பு வேலை பார்க்கும் ஆண்களுக்கு அகால மரண அபாயம் 18 விழுக்காடு அதிகமாகத் தெரிந்தது. வறுமை, புகை, உணவு ஆகியவற்றின் பங்கை முழுக்கப் பிரித்துவிட முடியாதுதான். ஆனாலும் அவர்கள் சொல்லும் விளக்கத்தில் பொருள் இருக்கிறது: வேலையில் சுமை மணிக்கணக்காக நீள்கிறது, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் நாள் முழுக்க இறங்காமல் நிற்கின்றன, ஓய்வு நம் கையில் இல்லை. கடுமையும் ஓய்வும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சி இதற்கு நேர் எதிர். ஏற்றம் உச்சம், உடனே இறக்கம்.

இந்தத் தாளம் தோட்டத்துக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. மாலையில் திடலில் ஆடிய பந்தாட்டம் ஓட்டமும் நிதானமும் மாறி மாறி வருவது. கபடியில் ஒரு பாடலுக்கு இன்றைய விதிப்படி 30 விநாடி. பாடிப்போய்த் தொட்டு வந்தவர் அடுத்த முறை வரும்வரை மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கிபாலாவின் 2006ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு வேக மிதியின் நீளமும் அதே 30 விநாடிதான். லயத்தைக் காலி செய்து தாமானுக்கு வந்தபோது திடலை விட்டுவிட்டு வந்தோம். இப்போது மாதச் சந்தா கட்டி ஓடுபொறியில் கைப்பேசி பார்த்துக்கொண்டே நடக்கிறோம்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ ஈஜோக்கிலிருந்தோ ஷா ஆலாம் தொழிற்சாலைக்குப் போய் 12 மணி நேர ஷிப்ட் முடித்து வருபவரிடம் 'இரண்டு மணி நேரம் ஒதுக்கு' என்று சொல்வது கொடுமை. அவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வரை நிலம் தட்டையாகக் கிடக்கும் இந்தக் கடலோரத்தில் புக்கிட் மெலாவாத்தி குன்றின் ஏற்றச் சாலை ஒரு வரம். மேட்டில் வேகநடை போட்டாலே இதயத்துடிப்பு நன்றாக ஏறும், தரையில் பாய்ந்து ஓடும் அளவுக்கு முட்டி அடிபடாது. 20 விநாடி ஏறி, இரண்டு நிமிடம் மெதுவாக இறங்கி, மூன்று முறை. அங்குள்ள குரங்குகளிடம் தின்பண்டம் காட்டாமல் இருந்தால் இடைஞ்சலும் இல்லை.

நெடுந்தூரம் ஓட ஆசைப்படுபவருக்கு நீண்ட பயிற்சிக்கு மாற்றுக் கிடையாது. மெதுநடை மனசுக்கும் முட்டி தேய்ந்தவருக்கும் நல்லது, அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. இன்சுலின் ஊசி போடுபவரும் நெஞ்சுவலி கண்டவரும் அரசாங்கக் கிளினிக்கில் கேட்காமல் மேட்டில் ஏறவே கூடாது; கடுமையான வேகம் சிலருக்குச் சர்க்கரையைச் சற்று நேரம் ஏற்றியும் விடும். மற்றபடி, நேரம் இல்லை என்பதால் ஜிம் பக்கமே போகாதவர் ஒருவரும் இரண்டு மணி நேரத்தை அரட்டையில் கழிப்பவர் ஒருவரும் என் முன்னே வந்தால், முதலாமவரைத்தான் நான் மலையடிவாரத்துக்கு அழைத்துப்போவேன்.